காக்கிக்கு ஓய்வூதியம் வேண்டும். காக்கிக்கு மட்டும் என்றால் வேண்டாம்

சாதி ஒழிப்பைப் பேசும் இடத்தில் காவல்துறையினரின் ஓய்வூதியத்துக்கு என்ன வேலை என்று சில தோழர்களுக்கு எரிச்சல் வரும். 1999இல் தாமிரபரணியில் 17 உயிர்களையும், 2011இல் பரமக்குடியில் 6 உயிர்களையும் இதே காவல்துறையிடம் பறிகொடுத்தவர்கள் நாம். அந்த எரிச்சலில் தவறு காண மாட்டேன். ஆனாலும் பேசித்தான் ஆக வேண்டும். நாம் பேசாமல் விட்டால், வேறொருவர் வேறொரு நோக்கத்துக்காக இதைப் பேசிக்கொண்டு போவார். போய்க்கொண்டும் இருக்கிறார்.

"மற்ற அரசு ஊழியர்களுக்குக் கொடுக்கிறீர்களோ இல்லையோ, உயிரைப் பணயம் வைக்கும் காவலர்களுக்காவது முழு ஓய்வூதியம் கொடுங்கள்" என்ற குரல் பல ஆண்டுகளாகக் கேட்கிறது. தொலைக்காட்சி விவாதத்தில் ஓய்வுபெற்ற உயர் அதிகாரிகள் சொல்கிறார்கள். தேசபக்திக் கட்சிக்காரர்கள் சொல்கிறார்கள். கேட்க நியாயமாகவும் இருக்கிறது. இந்தக் கோரிக்கையின் முதல் பாதியை மறுப்பதற்குத்தான் தோழர்கள் பழகியிருக்கிறோம். நான் முதல் பாதியை ஏற்கிறேன். ஏட்டுக்கும் இரண்டாம் நிலைக் காவலருக்கும் முழு ஓய்வூதியம் வேண்டும். 'காவலர்களுக்காவது' என்ற அந்தச் சொல்லில்தான் எனக்குச் சண்டை.

ஓய்வூதியம் என்பது என்ன? எசமான் மனமிரங்கிக் கொடுக்கும் ஈகை அல்ல. செய்து முடித்த வேலைக்கான கூலியில் ஒரு பகுதி, தள்ளிவைத்துக் கொடுக்கப்படுகிறது. இதை நான் சொல்லவில்லை, 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு சொன்னது. அந்த நாளைத்தான் ஓய்வூதியர்கள் இன்றுவரை ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். கூலி என்றால் வேலை செய்த எல்லாருக்கும் உண்டு. பரிசு என்றால்தான் யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்ற கேள்வி வரும். காக்கிக்குத் தனி ஓய்வூதியம் கேட்பவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, கூலியை மறுபடியும் பரிசாக மாற்றுகிறார்கள்.

இதில் சாதி எங்கே வருகிறது என்று கேட்கலாம். நிலம் வைத்திருப்பவனுக்கு முதுமை பெரிய பயம் இல்லை. நெல் வரும், தோப்புக் குத்தகை வரும், டவுனில் ஒரு கடை வாடகை வரும். 1890களில் கொடுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தையே பறிகொடுத்துவிட்டு இன்னும் பட்டா தேடிக்கொண்டிருக்கும் மக்களுக்கு அறுபது வயதுக்குப் பிறகு என்ன இருக்கிறது? மாதம் பிறந்தால் வங்கிக்கு வரும் ஓய்வூதியம்தான் அவர்களுக்கு நஞ்சை, அதுதான் புஞ்சை.

என் தாய்மாமன் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவர். பத்தாண்டில் முதல்நிலை, பதினைந்தில் ஏட்டு, இருபத்தைந்தில் சிறப்பு உதவி ஆய்வாளர் என்று படி ஏறி ஓய்வு பெற்றார். ஊரில் எங்கள் தெருவில் ஒரு சென்ட் விளைநிலம் யாருக்கும் கிடையாது. அவருடைய ஓய்வூதியத்தில்தான் அத்தையின் சர்க்கரை மாத்திரை, பேத்தியின் கல்லூரிக் கட்டணம், வட்டிக்கு வாங்காத ஒரு கல்யாணம், எல்லாம் நடந்தது. அதைவிடப் பெரிய விசயம் ஒன்று உண்டு. ஊர்த்தெருவில் யாரிடமும் போய்க் கைகட்டி நிற்க வேண்டிய தேவை அவருக்கு வரவில்லை. அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் நின்று 'பார்த்துப் போடுங்க' என்று கேட்காத முதல் கிழவர் எங்கள் தெருவில் அவர்தான்.

இப்படி ஒடுக்கப்பட்ட, பிற்படுத்தப்பட்ட வீடுகளிலிருந்து இடஒதுக்கீட்டால் முதல் தலைமுறையும் இரண்டாம் தலைமுறையும் அரசு வேலைக்குள் நிறைந்து வந்த நேரத்தில்தான் ஓய்வூதியத்தின் கதவு மூடப்பட்டது. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியம் என்றார்கள். ஒன்றிய அரசு 2004 சனவரி 1 முதல் மூடியது. படைத்துறைக்கு மட்டும் விலக்கு. மேல்சாதியினர் நிரம்பியிருந்த காலத்தில் அரசுக்குச் சுமையாகத் தெரியாத ஓய்வூதியம், நம் பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும் கருவூலத்தைத் தின்னும் பூதமாகிவிட்டது. திட்டமிட்டுத்தான் செய்தார்களா என்பதை நான் ஆராயப் போவதில்லை. பந்தியில் நம் முறை வந்தபோது இலை எடுக்கப்பட்டது என்பது போதும்.

அதே 2003 சூலையில் ஓய்வூதியச் சலுகைகள் பறிக்கப்பட்டதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1,70,000 ஊழியர்களை அன்றைய அ.தி.மு.க. அரசு ஒரே வீச்சில் வேலையிலிருந்து தூக்கியது நினைவிருக்கும். வீடு வீடாகப் போய் அவர்களைப் பிடித்து வந்தது யார்? காவலர்கள். 2019 சனவரியில் பங்களிப்பு ஓய்வூதியத்தை ஒழி என்று சாக்டோ-சியோ அமைப்பினர் மறியல் செய்தபோது அவர்களை வண்டியில் ஏற்றிக் கல்யாண மண்டபங்களில் அடைத்தது யார்? அவர்களும் காவலர்கள். அந்த மண்டப வாசலில் காவலுக்கு நின்ற இளைஞர்களில் 2003க்குப் பிறகு வேலையில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் ஓய்வூதியம் இல்லை. தனக்காகப் போராடியவரைத் தானே கைது செய்து, தலை எண்ணி, கையெழுத்து வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

அவர்களைக் குறை சொல்வதும் எளிதல்ல. 1966ஆம் ஆண்டின் காவல் படைகள் உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, அரசின் அனுமதி இல்லாமல் காவலர் எந்தச் சங்கத்திலும் சேர முடியாது. ஆசிரியருக்குச் சங்கம் உண்டு, வருவாய்த் துறைக்கு உண்டு, காவலருக்கு இல்லை. வார விடுப்பு அரசாணை 2021இல் வந்தது. அது உண்மையில் எத்தனை நிலையங்களில் நடக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்த எந்த ஏட்டையாவது தனியாக அழைத்துக் கேட்டுப் பாருங்கள். ஓய்வு வயது 58லிருந்து 59 ஆகி, 2021இல் 60 ஆனது. அறுபதை நெருங்கும் மூட்டுவலிக்காரரை வெயிலில் பந்தோபஸ்துக்கு நிறுத்துகிறோம். ஓய்வுக்காலப் பணத்தை உடனே கொடுக்க வேண்டியதில்லை என்ற வசதி அந்த வயது உயர்வில் அரசுக்கு இருந்தது.

2021 தேர்தலில் பழைய ஓய்வூதியத்தை மீட்போம் என்று வாக்குறுதி கொடுத்த தி.மு.க.வின் ஆட்சியில், 2026 சனவரியில் உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் அறிவிக்கப்பட்டது. கடைசிச் சம்பளத்தில் பாதி உறுதி, ஆனால் ஊழியரின் 10 விழுக்காடு பிடித்தம் தொடரும். கூலியில் பிடித்ததைக் கூலியாகவே திருப்பித் தருவதற்குப் பெயர் பழைய ஓய்வூதியம் அல்ல. இருந்தாலும் ஒன்றுமே இல்லாத இருபதாண்டுக்குப் பிறகு வந்தது, சங்கங்கள் தெருவில் நின்று வாங்கியது. அது அவர்களின் வெற்றிதான். அதை வாங்கக் காவலர்களால் ஒரு முழக்கம்கூட எழுப்ப முடியவில்லை, பலனில் பங்கு மட்டும் உண்டு. அதில் எனக்கு வருத்தமில்லை. மகிழ்ச்சிதான்.

இனி ஆபத்துக்கு வருவோம். காக்கிக்குத் தனியாகக் கேட்பவர்களின் ஒரே ஆயுதம் அதுதான். உயிருக்கு ஆபத்தான வேலை, ஆகவே தனிச் சலுகை.

ஒன்றிய அரசே இந்த வாதத்தை நம்புகிறதா என்று முதலில் பார்த்துவிடலாம். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற ஒன்றியக் காவல் படையினர் தாங்களும் ஆயுதப் படையினர்தான், எங்களுக்கும் பழைய ஓய்வூதியம் வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். 2023 சனவரி 11 அன்று தில்லி உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. இராணுவ வீரர்களின் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்ட அரசு என்ன செய்தது? உச்சநீதிமன்றத்துக்கு ஓடித் தடை வாங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு, 2022 சூனில், அக்னிபத் என்று நான்காண்டு வேலையை அறிவித்தது. நூற்றில் எழுபத்தைந்து பேருக்கு வேலையும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. புல்வாமாவில் செத்தால் வீரன், உயிரோடு ஓய்வு பெற்றால் செலவுக் கணக்கு.

ஆகவே ஆபத்து என்ற அளவுகோல் அவர்களுடையது அல்ல. நாம் அதை நேர்மையாகக் கையில் எடுத்துப் பார்ப்போம். இந்த நாட்டில் அரசுக்காகச் செய்யப்படும் வேலைகளில் உயிருக்கு ஆபத்தானது எது? கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்குவது. 2019 முதல் 2023 வரையான ஐந்தாண்டில் மட்டும் 377 பேர் சாக்கடையிலும் மலக்குழியிலும் செத்ததாக ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. சொல்லப்படாத சாவுகள் வேறு. 1993 முதலான மொத்தக் கணக்கில் நாட்டிலேயே முன்வரிசையில் நிற்பது நம் சமூகநீதித் தமிழ்நாடு. 2013இல் சட்டம் போட்டுத் தடை செய்த வேலை இது. 2014இல் உச்சநீதிமன்றம் செத்தவர் குடும்பத்துக்கு 10 இலட்சம் என்றது, 2023 அக்டோபரில் அதை 30 இலட்சம் ஆக்கியது. செத்த பிறகு! சாகாமல் முப்பதாண்டு அந்த நாற்றத்தை மூச்சாக இழுத்து, நுரையீரல் கெட்டு, கை கால் புண்ணோடு அறுபது வயதில் வெளியே வருகிறவருக்கு என்ன?

ஒப்பந்தத் தொழிலாளி என்றால் தொழிலாளர் வைப்பு நிதி ஓய்வூதியம். அதன் குறைந்தபட்சத் தொகை 2014இல் 1,000 ரூபாய் ஆக்கப்பட்டது. அந்த ஆயிரமும், ஒப்பந்தக்காரர் பத்தாண்டு ஒழுங்காகப் பணம் கட்டியிருந்தால்தான். ஆண்டுக்கொரு ஒப்பந்தக்காரர் மாறும் ஊரில் அந்தப் பத்தாண்டை எந்த அலுவலகத்தில் போய் நிரூபிப்பது? ஐந்தாண்டு நாடாளுமன்றத்தில் மேசையைத் தட்டியவருக்கு மாதம் 31,000 ரூபாய் ஓய்வூதியம். அவர் வீட்டுக் குழியை அள்ளியவருக்கு ஆயிரம்.

நாட்டின் சாக்கடைத் தொழிலாளர்களை ஒன்றிய அரசு கணக்கெடுத்தபோது அவர்களில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர் என்று தெரிந்தது. பழங்குடியினரையும் பிற்படுத்தப்பட்டோரையும் சேர்த்தால் 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது. இந்த வேலையின் ஆபத்தை ஏன் எந்தத் தொலைக்காட்சியும் 'உயிரைப் பணயம் வைக்கும்' என்று சொல்வதில்லை என்பதற்கு விடை இந்த எண்ணில் இருக்கிறது. காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு சந்திக்கும் ஆபத்து தியாகம். சட்டையே இல்லாமல் குழிக்குள் சந்திக்கும் ஆபத்து தலைவிதி. ஆபத்தையும் சாதி பார்த்துத்தான் எடை போடுகிறார்கள்.

2025 ஆகஸ்ட் 13 நள்ளிரவைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சென்னை மாநகராட்சியின் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து, பணி நிரந்தரம் கேட்டு, தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் ஆகஸ்ட் 1 முதல் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். கொரோனாவில் முன்களப் பணியாளர் என்று கும்பிடப்பட்டவர்கள். உயர்நீதிமன்றம் அப்புறப்படுத்தச் சொன்னது, இரவோடு இரவாகக் காவலர்கள் அவர்களைத் தூக்கிப் பேருந்தில் ஏற்றினார்கள். தூக்கிய கைகளும் தூக்கப்பட்ட கைகளும் ஒரே மாதிரித் தெருக்களிலிருந்து வந்தவை. அன்றைய தேதியில், 2003க்குப் பிறகு சேர்ந்த அந்தக் காவலருக்கும் உறுதியான ஓய்வூதியம் இல்லை, அந்தப் பெண்ணுக்கும் இல்லை. ஐந்தே மாதத்தில் காவலருக்குப் பாதிச் சம்பளம் உறுதியானது. அந்தப் பெண்ணுக்கு? மறுநாள் ஆகஸ்ட் 14 அன்று அமைச்சரவை கூடிக் காலை உணவு, காப்பீடு, வீடு, தொழிற்கடன் மானியம் என்று ஆறு திட்டங்களை அறிவித்தது. இட்லி கொடுத்தார்கள். நிரந்தர வேலை கொடுக்கவில்லை. நிரந்தரம் இல்லை என்றால் ஓய்வூதியமும் இல்லை.

காக்கிக்கு மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை வெளிநாட்டில் நடத்தியே காட்டிவிட்டார்கள். 2011இல் அமெரிக்காவின் விசுகான்சின் மாநில ஆளுநர் இசுகாட் வாக்கர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டுப் பேர உரிமையை உடைக்கச் சட்டம் கொண்டுவந்தார். ஓய்வூதியத்துக்கும் ஊழியர்கள் கூடுதலாகப் பணம் கட்ட வேண்டும் என்றார். ஆசிரியர், செவிலியர், துப்புரவாளர் எல்லாரும் சிக்கினார்கள். காவல்துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் மட்டும் விலக்கு. பிரான்சில் 2019 டிசம்பரில் மக்ரோன் அரசு ஓய்வூதியத்தைத் திருத்தப் போவதாக அறிவித்து நாடே வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, காவலர்களின் முன்கூட்டிய ஓய்வு உரிமை மட்டும் தொடப்படாது என்று உள்துறை அமைச்சர் உறுதி கொடுத்தார். எல்லாருடைய ஓய்வூதியத்திலும் கை வைக்கப் போகிறவனுக்கு, தெருவில் தடியோடு நிற்கப் போகிறவனின் ஓய்வூதியம் பத்திரமாக இருக்க வேண்டும். அது அன்பு அல்ல, ஏற்பாடு. இரயில் ஓட்டுநர் தன் ஓய்வூதியத்துக்காகக் கண்ணீர்ப் புகையில் நிற்கும்போது, புகைக்குண்டு வீசுகிறவருக்கு அந்தக் கவலையே இருக்கக் கூடாது என்ற ஏற்பாடு.

நம் ஊருக்கு இது புதிதும் அல்ல. கிராமக் காவலின் கடைசிப் படியில் இந்தச் சமூகம் யாரை நிறுத்தியிருந்தது? தமிழ்நாட்டில் தலையாரி, வெட்டியான். மகாராட்டிரத்தில் மகர். திருடனைத் தேடிப் போவது, பிணத்துக்குக் காவல் இருப்பது, அதிகாரியின் மூட்டையைச் சுமப்பது, தண்டோராப் போடுவது, இரவெல்லாம் ஊரைச் சுற்றுவது. சட்டம் ஒழுங்கின் அடிமட்ட வேலை முழுக்க அவர்கள் முதுகில். கூலி? கொஞ்சம் மானிய நிலம், களத்தில் அள்ளிப் போடும் தானியம், வீட்டு வாசலில் பழைய சோறு. 1874ஆம் ஆண்டின் பம்பாய்ப் பரம்பரைப் பதவிச் சட்டம் அதைப் பிறப்போடு கட்டிப் போட்டது. குடும்பம் முழுவதும் இருபத்து நான்கு மணி நேரமும் அரசுக்கு ஆள்.

அண்ணல் அம்பேத்கர் 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் இதைத் திருத்த ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். வேலை என்றால் வேலை நேரம் இருக்க வேண்டும், கூலி பணமாகக் கணக்கிட்டு வர வேண்டும், ஊராரின் பிச்சையாக வரக்கூடாது, வேண்டாம் என்பவர் விலகும் உரிமை வேண்டும் என்பதே அதன் சாரம். மசோதா நிறைவேறவில்லை. அந்தக் கீழ்நிலை வதன்கள் சட்டப்படி ஒழிந்தது 1958இல், அண்ணல் மறைந்து இரண்டாண்டுக்குப் பிறகு. அரசின் காவல் வேலையைச் செய்கிறவர் ஊரின் அடிமையாக இல்லாமல் சம்பளக்காரராக இருக்க வேண்டும் என்று இந்த நாட்டில் சட்டமன்றத்தில் வாதாடியவர் அவர். காவலரின் ஓய்வூதியத்தைச் சாதி ஒழிப்பாளர் பேசக்கூடாது என்கிற தோழர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பழைய தலையாரியின் வாரிசுகள் இன்றும் காவல்துறைக்குள்ளேயே இருக்கிறார்கள். ஊர்க்காவல் படை என்று பெயர். திருவிழாவில், தேர்தலில், போக்குவரத்துச் சந்திப்பில் காவலர் பக்கத்திலேயே அதே வெயிலில் நிற்கிறார்கள். அவர்கள் 'தன்னார்வலர்' என்பதால் சம்பளம் இல்லை, படி. நிற்கும் நாளுக்கு மட்டும். 2015இல் உச்சநீதிமன்றம், ஒரு மாதம் முழுக்க வேலை பார்த்தால் காவலரின் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஈடாக வருமாறு நாள் படியைக் கொடுங்கள் என்றது. பணி நிரந்தரத்தை மறுத்தும்விட்டது. நாள் படி உயர்ந்தது. மாதம் முழுக்க வேலை கொடுத்தால்தானே கணக்கு வரும் என்று நாள்களைக் குறைத்தார்கள். இருபதாண்டு நின்றாலும் ஓய்வுக்காலத்தில் கையில் ஒரு சான்றிதழ், தோளில் ஒரு துண்டு. காவலர்களின் ஓய்வூதியத்துக்காகத் தொலைக்காட்சியில் கண்ணீர் விடும் எந்த முன்னாள் அதிகாரியாவது இவர்களைப் பற்றி ஒரு வரி பேசிக் கேட்டிருக்கிறீர்களா? அந்த அதிகாரிகளில் பலரது வீட்டில்தான், 1979இலேயே ஒழிக்கப்பட்டதாக அரசாணை சொல்லும் ஆர்டர்லி முறையில், பயிற்சி முடித்த காவலர்கள் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த அரசாணையை நடைமுறைப்படுத்த 2022இல் உயர்நீதிமன்றம் மறுபடி கோபப்பட வேண்டியிருந்தது.

கடைசியாக, தோழர்களின் எரிச்சலுக்குப் பதில் சொல்ல வேண்டிய இடம். நம்மை அடித்தவனுக்கும் ஓய்வூதியமா?

வாச்சாத்தியை எடுத்துக்கொள்வோம். 1992 சூன் 20. சந்தனக் கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறை ஆள்கள் அந்த மலையாளிப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் மீது பாலியல் வன்கொடுமை. வீடுகள் நொறுக்கப்பட்டன, கிணற்றில் எண்ணெய், ஆடு மாடுகள் கொள்ளை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், அனைவரும் அரசு ஊழியர்கள். தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29 அன்று. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு ஆண்டுகள்! வேலையில் இருந்து, சம்பளம் வாங்கி, பதவி உயர்வு பெற்று, பலர் ஓய்வும் பெற்று வீட்டுக்குப் போய்விட்ட பிறகு.

தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் 1978இல் இதற்கு வழி இல்லாமல் இல்லை. கொடுங்குற்றம் நிரூபிக்கப்பட்டால் ஓய்வூதியத்தை நிறுத்தலாம், குறைக்கலாம், அரசுக்கு ஏற்பட்ட இழப்பை அதிலிருந்து பிடிக்கலாம். ஆனால் ஒருவர் ஓய்வு பெற்ற பிறகு துறை விசாரணை தொடங்க வேண்டுமென்றால், சம்பவம் நடந்து நான்கு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. வாச்சாத்தியில் வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போகவே மூன்றாண்டு ஆனது. முதல் தகவல் அறிக்கை பதிவதற்கே மாதக்கணக்கில் சாலையில் உட்கார வேண்டிய சேரி மக்களுக்கு நான்காண்டு என்பது கண் மூடித் திறக்கும் நேரம். அந்த நான்காண்டுக் கதவை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்களுக்கும் காவல் சித்திரவதைக்கும் மட்டுமாவது திறந்து வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

இதை ஓய்வூதியத்துக்கு எதிரான பேச்சாக யாரும் திரிக்க வேண்டாம். ஓய்வூதியமே இல்லாத ஊழியரிடம் பிடிப்பதற்கு என்ன இருக்கிறது? பங்களிப்பு முறையில் மொத்தப் பணத்தையும் கையில் வாங்கிக்கொண்டு போனவரிடம் பத்தாண்டு கழித்து எந்தத் தீர்ப்பு போய்ச் சேரும்? மாதாமாதம் அரசின் கையிலிருந்து போகும் ஓய்வூதியம் இருந்தால்தான் பொறுப்புக் கேட்கவும் ஒரு பிடி இருக்கும். வாச்சாத்தித் தீர்ப்பில் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு 10 இலட்சம் கொடுக்கச் சொன்ன உயர்நீதிமன்றம், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கவும் சொன்னது. அன்றைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீது நடவடிக்கை எடுக்கவும் சொன்னது. இந்த இரண்டாவது உத்தரவுதான் எனக்கு முக்கியம். துறை நடவடிக்கை என்றாலே ஏட்டின் ஊதிய உயர்வை நிறுத்துவது என்று பழகிப்போன நாட்டில், உத்தரவு போட்டவரின் ஓய்வூதியத்தைத் தொட ஒரு விதி வேண்டும். ஏட்டின் மனைவி மாத்திரைக்குப் பணமில்லாமல் நிற்க, மேலே இருந்தவர் ஏதோ ஓர் ஆணையத்தின் தலைவராக இரண்டாவது சம்பளம் வாங்குவதற்குப் பெயர் பொறுப்புக் கேட்பது அல்ல.

அடுத்த முறை சட்டமன்றத்தில் காவல்துறை மானியக் கோரிக்கை வரும்போது காவலர் நலன் பற்றி எல்லாக் கட்சியினரும் உருகிப் பேசுவார்கள். நம்மோடு உறவாக இருக்கும் உறுப்பினர்களிடம் சிலவற்றைக் கேட்கச் சொல்லலாம். 10 விழுக்காடு பிடித்தம் எப்போது நிற்கும்? 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டைத் தளர்த்திக் காவலர்களுக்குச் சங்க உரிமை எப்போது கிடைக்கும்? ஊர்க்காவல் படையினரின் ஓய்வுக்காலத்துக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்? அதே நாளிலோ மறுநாளோ நகராட்சி நிர்வாகத் துறையின் மானியக் கோரிக்கையும் வரும். ஒப்பந்தத்தில் முப்பதாண்டு குப்பை அள்ளிய பெண்ணுக்குக் கடைசிக் கூலியில் பாதி ஏன் உறுதி இல்லை என்று அங்கேயும் அதே உறுப்பினர் எழுந்து கேட்க வேண்டும். ரிப்பன் மாளிகை வாசலிலிருந்து தூக்கிச் செல்லப்பட்டவர்கள் அந்த விவாதத்தைப் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து கேட்க, அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுக்கும் வேலையைத் தோழர்கள் இப்போதே தொடங்கலாம்.